கருவிழிக் கூம்புக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் கண் பராமரிப்பு: கேள்வி பதில்

கருவிழி மெலிந்து கூம்பு வடிவில் முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோய்க்காகக் கிராஸ்லிங்கிங் அல்லது கருவிழி மாற்று சிகிச்சை பெற்றவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பார்வை அளவிடுவதையும், இத்தகைய கண்களுக்கு லென்ஸ் பொருத்துவதையும் தொழிலாகக் கொண்டவன். உங்கள் கண்ணை நேரில் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

கிராஸ்லிங்கிங் செய்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பார்வை முன்பிருந்ததைவிட மங்கலாக இருக்கிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?

இல்லை. இந்தக் கட்டத்தில் மங்கல் எதிர்பார்க்கக்கூடியதே. வழக்கமான முறையில் கருவிழியின் மேல்தோலை அகற்றி, ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 கரைசலை ஊறவிட்டு, சுமார் 30 நிமிடங்கள் புற ஊதாக் கதிரைச் செலுத்துகிறார்கள். அதனால் கருவிழியின் கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. அகற்றப்பட்ட மேல்தோல் சில நாட்களில் மூடிவிட்டாலும், அது சீரடைய வாரக்கணக்கில் ஆகும். அதோடு, சிகிச்சை பெற்ற அடுக்கில் மெல்லிய பனிமூட்டம் போன்ற மங்கலும் தோன்றும். இது முதல் மூன்று மாதங்களில் மிகுந்து தெரிந்து, பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் படிப்படியாகக் குறைந்துவிடும்.

சிகிச்சைக்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட வேண்டிய, ஆனால் பலருக்குச் சொல்லப்படாத ஒன்று உண்டு: கிராஸ்லிங்கிங்கின் நோக்கம் நோய் மேலும் வளராமல் நிறுத்துவதே. சிலருக்குக் கூம்பு ஓரளவு தட்டையாகிப் பார்வை மேம்படலாம். எனினும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படாது என்று எண்ணிவிட வேண்டாம். வெற்றியா தோல்வியா என்பதைப் பார்வை அட்டையைக் கொண்டு அல்ல, அடுத்தடுத்து எடுக்கப்படும் டோபோகிராபி (கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம்) படங்களை ஒப்பிட்டே சொல்ல முடியும். ஆகவே நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அந்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் முதல் சில நாட்களில் தணிந்த வலி மீண்டும் கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அது இயல்பான மங்கல் அன்று. அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கிராஸ்லிங்கிங் முடிந்து இரண்டாம் நாள், வலி தாங்கவில்லை. அறுவை அரங்கில் போட்ட மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டிலும் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்த மருந்தை மீண்டும் மீண்டும் போட்டால் மேல்தோல் வளர்வது தடைப்பட்டு, கருவிழியே கரைந்து சேதமடையும் அபாயம் உண்டு. பொதுவாக வலி முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் கடுமையாக இருக்கும். மருத்துவர் எழுதித்தந்த வலி மாத்திரையும், வெளிச்சம் குறைந்த அறையும், கருப்புக் கண்ணாடியும் அதைக் கடக்க உதவும். அப்போதும் தாங்கவில்லையென்றால் மருத்துவமனையை அழைத்துச் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்காகப் போட்ட பேண்டேஜ் லென்ஸ் விழுந்துவிட்டது. கழுவி மீண்டும் போடலாமா?

போடக்கூடாது. விழுந்த லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு, மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

என் மகனுக்குப் பதினாறு வயது. சிகிச்சைக்குப் பிறகும் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். எவ்வளவு திட்டினாலும் நிற்கவில்லை.

அம்மா, திட்டுவதால் இது நிற்காது, ஏனெனில் அவன் பிடிவாதத்தால் தேய்ப்பதில்லை, அரிப்பினால் தேய்க்கிறான். கெரட்டோகோனஸ் உள்ளவர்களில் பலருக்கு ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கிறது. கிராஸ்லிங்கிங் கருவிழியை உறுதிப்படுத்தினாலும், நாள்தோறும் விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கப்படும் கண்ணில் நோய் மீண்டும் வளர இடமுண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டவற்றைக் கொண்டு சொல்கிறேன், சொட்டு மருந்துக்கு அடுத்தபடியாக இந்தக் கண்களைக் காப்பது கையைக் கண்ணிலிருந்து விலக்கி வைப்பதுதான்.

ஒவ்வாமைக்கான சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அரிப்பு வந்த பிறகு அல்லாமல் அவர் சொல்லும் கால அளவுக்குத் தொடர்ந்து போடுங்கள். அரிப்பு எழும்போது, மூடிய இமைகளின்மேல் குளிர்ந்த சுத்தமான துணியை அழுத்தாமல் வைத்தால் இதமாக இருக்கும். குப்புறப் படுத்து, கண் தலையணையில் அழுந்தும்படி உறங்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால், மருத்துவர் அனுமதியுடன் இரவில் கண் கவசம் அணிவிக்கலாம்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எப்போது நிறுத்தலாம்? கண் சிவப்பே இல்லையே.

சிவப்பு இல்லாமல் இருப்பதற்கு அந்த மருந்தே காரணமாக இருக்கக்கூடும். கிராஸ்லிங்கிங்குக்குப் பின் அது சில வாரங்கள் மட்டும் தேவைப்படும். மாற்று அறுவைக்குப் பின் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ படிப்படியாகக் குறைக்கப்படும். தானாக நிறுத்துவது எவ்வளவு தவறோ, பழைய சீட்டைக் காட்டித் தானாக வாங்கித் தொடர்வதும் அவ்வளவு தவறு, ஏனெனில் நீண்ட நாள் ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை உயர்த்தவும் கண்புரையை உண்டாக்கவும் கூடும். உயர்ந்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றியே பார்வை நரம்பைக் கெடுக்கும். ஆகவே அழுத்தம் அளக்கப்படும் நாட்களைத் தவறவிடாதீர்கள்.

போடும் முறையும் முக்கியம்: கையைக் கழுவிக்கொள்ளுங்கள்; குலுக்கச் சொல்லியிருந்தால் நன்கு குலுக்குங்கள்; குப்பியின் நுனி இமையிலோ விரலிலோ படக்கூடாது; இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

கருவிழி மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நேற்றிலிருந்து இலேசான சிவப்பும் கூச்சமும் இருக்கின்றன. அடுத்த வாரம் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம்; இதைப் படித்தவுடன் மருத்துவமனையை அழைத்து, மாற்றுக் கருவிழி உள்ளவர் என்பதை முதலில் சொல்லுங்கள். சிவப்பு, கண் கூச்சம், பார்வைக் குறைவு, வலி ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும், நிராகரிப்பாக, அதாவது மாற்றுக் கருவிழியை அந்நியமாகக் கருதி உடல் தாக்குவதாக, இருக்குமோ என்று சந்தேகித்தே ஆக வேண்டும்.

கருவிழியில் இயல்பாக இரத்தக் குழாய்கள் இல்லாததால் உடலின் எதிர்ப்பு அங்கே மட்டுப்பட்டே இருக்கிறது. அதனால்தான் நிராகரிப்பைத் தடுக்கும் இன்றைய மருந்துகள் எவையும் இல்லாத 1905ஆம் ஆண்டிலேயே எடுவர்ட் சிர்ம் என்னும் மருத்துவரால் கருவிழி மாற்றில் வெற்றி காண முடிந்தது. ஆனால் மட்டுப்பட்ட எதிர்ப்பு என்றால் எதிர்ப்பே இல்லை என்று ஆகாது. பல ஆண்டுகள் கழித்தும் அது விழித்துக்கொள்ளலாம். கருவிழியின் உட்புறச் செல்கள் பெருகிப் புதுப்பித்துக்கொள்ளாதவை என்பதால், நிராகரிப்பில் இழந்தவை திரும்ப வருவதில்லை. விரைவாகத் தொடங்கும் ஸ்டீராய்டு சிகிச்சை பல நேரங்களில் அதை அடக்கிவிடுகிறது.

எனக்கு முழுத் தடிமன் மாற்றாமல், டால்க் எனப்படும் முன்னடுக்கு மாற்று செய்தார்கள். எனக்கும் இந்தப் பயம் வேண்டுமா?

உங்களுடைய சொந்த உட்புறச் செல்கள் அப்படியே இருப்பதால், மிகவும் அஞ்சப்படும் வகை நிராகரிப்பு உங்களுக்கு வராது. வெளியடுக்குகளில் நிராகரிப்பு வர வாய்ப்பு உண்டு. ஆகவே மேலே சொன்ன நான்கு அறிகுறிகளும் உங்களுக்கும் பொருந்தும்.

தையல் குத்துவதுபோல் உறுத்துகிறது. மற்றபடி பார்வை நன்றாகவே உள்ளது.

தளர்ந்த அல்லது அறுந்த தையலாக இருக்கலாம். மயிரினும் மெல்லிய அந்த நைலான் இழையின் வழியே கிருமி உள்ளே இறங்கவும், அதைச் சுற்றி இரத்தக் குழாய் வளர்ந்து நிராகரிப்பைத் தூண்டவும் கூடும். தாமதிக்காமல் காட்டுங்கள், தேவையானால் அதை மட்டும் எடுத்துவிடுவார்கள்.

தையல்கள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. இனிக் கால்பந்து விளையாடலாமா?

மருத்துவர் அனுமதித்த பிறகு, பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து விளையாடலாம். மாற்றுக் கருவிழியைச் சுற்றியுள்ள தழும்பு ஒருபோதும் பழைய உறுதியைப் பெறுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு முழங்கை பட்டே அது பிரிந்ததுண்டு. குத்துச்சண்டை போன்றவற்றை முற்றிலும் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

மாற்றுக்குப் பிறகும் ஸ்கிளீரல் லென்ஸ் வேண்டும் என்கிறார்கள். அதைக் குழாய் நீரில் கழுவலாமா?

ஸ்கிளீரல் லென்ஸ் என்பது கருவிழியைத் தொடாமல் வெண்விழியின்மேல் அமரும் பெரிய கடின லென்ஸ். புதிய கருவிழியின் வளைவு ஒரே சீராக அமையாததால் லென்ஸ் தேவைப்படுவது சாதாரணமானது. அதை அறுவை சிகிச்சையின் தோல்வியாக நினைத்து மனம் தளராதீர்கள். ஆனால் எந்த நீரும் லென்ஸில் படக்கூடாது. குழாய் நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியில் புகுந்தால், குணப்படுத்த மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். அதற்குரிய கரைசலால் மட்டும் கழுவி, பதப்படுத்தும் பொருள் கலவாத உப்புக் கரைசலை நிரப்பி அணியுங்கள், அணிந்தபடி உறங்காதீர்கள். நாள் முடிவில் விளக்குகளைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் கருவிழி வீங்கியிருக்கலாம். லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே தெரிவியுங்கள்.

ஒரு கண்ணுக்குச் சிகிச்சை முடிந்தது. மற்றக் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்களையும் பாதிக்கும். ஒன்றில் முந்தியும் மற்றொன்றில் பிந்தியும் வெளிப்படும். ஒவ்வொரு பரிசோதனையிலும் மற்றக் கண்ணுக்கும் டோபோகிராபி எடுக்கக் கேளுங்கள். கருவுற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் அக்காலத்தில் நோய் வளர்வதுண்டு.