இலவச மென்பொருளுக்கு எதற்கு உரிமக் கட்டணம்?

கேள்வி: என் மகள் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஒரு மாவட்டத்தின் பேருந்து நிறுத்தங்களையும் வழித்தடங்களையும் வலையமைப்பாகக் கொண்டு ஆராய்கிறாள். அதற்கு ‘இன்ஃபோமேப்’ என்ற மென்பொருள் தேவையாம். கட்டளை வரியில் இயங்குவது என்பதால் நிறுவத் தயங்குகிறாள். கணினிக் கடையில் உரிமத்துக்கும் நிறுவுவதற்கும் சேர்த்து 6,500 ரூபாய் கேட்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு உள்ள புதிய மடிக்கணினி வாங்கினால்தான் ஓடும் என்றும் சொல்கிறார்கள். இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி. என்ன செய்யலாம்?

பதில்: உரிமம் என்ற பெயரில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்ஃபோமேப் என்பது ஒரு வலையமைப்பில் நெருக்கமாக இணைந்திருக்கும் குழுக்களைக் கண்டறியும் மென்பொருள். அதற்கு அடிப்படையான முறையை மார்ட்டின் ரோஸ்வால், கார்ல் பெர்க்ஸ்ட்ராம் இருவரும் 2008இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மென்பொருள் மூல நிரலோடு இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவித் தரும் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான். இலவசப் பொருளுக்கு உரிமக் கட்டணம் வாங்குவது வேறு கதை, அதுவும் ஒரு மாணவியிடம்! எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் மகளே இதை நிறுவிவிடலாம். முதலில் பைத்தான் என்ற நிரல் மொழியை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்க வேண்டும். நிறுவும்போது முதல் திரையின் அடியில், பைத்தானை ‘பாத்’தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட மறந்தால் பிறகு கீழே சொல்லும் கட்டளை நேரடியாக வேலை செய்யாது. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். அடுத்து கட்டளைத் திரையைத் திறந்து ‘பிப் இன்ஸ்டால் இன்ஃபோமேப்’ (pip install infomap) என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். பிப் என்பது பைத்தானுக்கான மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி.

சிவப்பு எழுத்தில் பிழைகள் வரிசை கட்டி வந்தால் பயப்பட வேண்டாம். பைத்தானின் மிகப் புதிய பதிப்புக்கு, அப்படியே நிறுவக்கூடிய ஆயத்தத் தொகுப்பு இன்னும் வராமல் இருக்கலாம். அப்போது பிப் மூல நிரலை உங்கள் கணினியிலேயே தொகுக்க முயலும். மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் சி++ தொகுப்பி இல்லாததால் நின்றுபோகும். ஒரு பதிப்பு பழைய பைத்தானை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பேராசிரியர் ‘கிராஃப்-டூல்’ என்ற இன்னொரு வலையமைப்பு ஆய்வுக் கருவியைக் கேட்டால் கதை கொஞ்சம் மாறும். அதை பிப் வழியாக நிறுவப் போராட வேண்டாம். விண்டோஸில் முதலில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதி) வழியே லினக்ஸை அமைத்து, அதற்குள் ‘மினிஃபோர்ஜ்’ என்ற இலவச நிறுவல் கருவி மூலம் நிறுவுவது நல்லது. அதே வேலையைச் செய்யும் பிரபலமான ‘அனகோண்டா’ வேண்டாமா என்று கேட்பீர்கள். 200 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களிடம் அது கட்டணம் கேட்கிறது. மினிஃபோர்ஜில் அந்தச் சிக்கல் இல்லை.

புதிய மடிக்கணினி தேவையே இல்லை. இன்ஃபோமேப் கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதில்லை. செயலியும் நினைவகமும்தான் அதற்குத் தேவை. சில ஆயிரம் நிறுத்தங்கள் உள்ள பேருந்து வலையமைப்பு 8 ஜிபியில் தாராளமாக ஓடும். கோடிக்கணக்கான இணைப்புகள் உள்ள சமூக வலைத் தரவை ‘நெட்வொர்க்எக்ஸ்’ என்ற பைத்தான் கருவியில் ஏற்றும்போதுதான் நினைவகம் திணறும். அப்போதும் சி மொழியில் எழுதப்பட்ட ‘ஐகிராஃப்’ என்ற மாற்றுக் கருவி சிக்கனமாக வேலை செய்யும். அதுவும் போதாவிட்டால் நினைவகத்தை 16 ஜிபி ஆக்கலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. எனவே முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லியும் கடையிலேயே நிறுவிக்கொள்வதென்றால், கூலியை மட்டும் பேசுங்கள். பில்லில் ‘நிறுவும் சேவை’ என்று எழுதச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பணம் கொடுக்கும் முன், வேய்ன் சக்கரி 1977இல் வெளியிட்ட கராத்தே சங்கத் தரவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கராத்தே சங்கத்தில் யார் யாரோடு பழகினார்கள் என்பதைக் காட்டும், 34 பேர், 78 உறவுகள் கொண்ட சின்னத் தரவு அது. குழுக்கள் பிரிந்த முடிவுக் கோப்பு கண் இமைக்கும் நேரத்தில் வர வேண்டும்.