லக்ஸரா, வெனீஷியனா: லாஸ் வேகாஸில் எங்கே தங்குவது?

கேள்வி: மூட்டுவலி உள்ள அம்மாவுடனும் 12 வயது மகளுடனும் லாஸ் வேகாஸ் செல்கிறேன். லக்ஸர், வெனீஷியன் இரண்டில் எது ஏற்றது? இத்தகைய ஹோட்டல்களின் வடிவமைப்பையும் சேவையையும் எப்படி எடைபோடுவது?

பதில்: முகப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். லக்ஸருக்கு எகிப்து, வெனீஷியனுக்கு வெனிஸ் என்று ஹோட்டல் எடுத்துக்கொண்ட வேடம் கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறதா, அலங்காரத்தில் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறையின் வசதி பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

1993இல் திறக்கப்பட்ட லக்ஸர் முதல் வகை. முப்பது மாடிப் பிரமிடு என்பதால் அதன் லிஃப்டுகள் 39 பாகைச் சாய்வில் ஏறுகின்றன. பிரமிடு அறைகளின் ஜன்னல் சுவரும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால், அதையொட்டி நிமிர்ந்து நடமாடும் இடம் குறைகிறது. உள்ளே இருந்த எகிப்திய அலங்காரத்தில் பெரும்பகுதி பின்னாளில் அகற்றப்பட்டுவிட்டாலும், கட்டட வடிவத்துக்காகவே அதை நான் பெரிதும் மதிக்கிறேன். உங்கள் மகளும் அதைப் பார்க்க வேண்டும். அங்கேயே தங்குவதானால், பிற்பாடு கட்டப்பட்ட கோபுர அறைகளைக் கேளுங்கள்.

1999இல் திறக்கப்பட்ட வெனீஷியனில் வெனிஸ் நகரம் அலங்காரமாகவே வருகிறது: வானம் தீட்டிய கூரையின்கீழ், கடைகளுக்கு நடுவே கால்வாய் ஓடுகிறது. அறைகள் அனைத்தும் விசாலமான சூட்கள் (suite), அதாவது படுக்கையோடு அமரும் பகுதியும் உள்ளவை. ஆனால் வழக்கமான சூட்டில் அமரும் பகுதி படிக்கட்டு இறங்கும் பள்ளமாக இருக்கும். ஜன்னலோரச் சோபாவுக்குப் போகும்போதெல்லாம் அம்மா இறங்கி ஏற வேண்டும். படியில்லாத, மாற்றுத்திறனாளிகளுக்கான அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டு, எழுத்தில் உறுதி பெறுங்கள். அந்த உறுதி கிடைத்தால் வெனீஷியனையே பரிந்துரைப்பேன்.

சேவையின் தரம் இத்தகைய கோரிக்கைக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும். வரவேற்பு மேசையிலிருந்து அறைக்குச் செல்லும் வழி எவ்வளவு நீளம், அது சூதாட்டக் கூடத்தின் வழியே செல்கிறதா என்றும் கேளுங்கள். நெவாடா சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே கடந்து செல்லலாமே தவிர, நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. புகைபிடிக்கவும் அங்கே அனுமதி உண்டு.

வாடகையை ஒப்பிடும்போது ரிசார்ட் கட்டணத்தையும் (வாடகைக்கு மேல் ஹோட்டல் தனியே வசூலிப்பது) வரியையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இந்நகரின் பல ஹோட்டல்களில் அறைக் குளிர்பெட்டியிலுள்ள பொருளை எடுத்தாலே உணர்கருவி அதைப் பில்லில் ஏற்றிவிடும் என்பதால், அம்மாவின் மருந்துகளை வைக்கத் தனிக் குளிர்பெட்டி கேட்டு வாங்குங்கள்.