எந்தச் செடிக்கு எது துணை? ஆடிப்பட்டக் கேள்விகளும் பதில்களும்

ஆடி நெருங்குகிறது. விதை எடுத்து வைத்தவர்கள், பாத்தி போட்டவர்கள், இன்னும் தாளில் கோடு போட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று பலரும் துணைப்பயிர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து: அக்கா, வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இருக்கு. பந்தல், உயரமான செடி எல்லாம் வடக்கே வைக்கணும்னு வீடியோவில் சொல்றாங்க. அப்படியே செய்யலாமா?

அது குளிர்நாட்டுக் கணக்கு, தம்பி. அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். நம் ஊரில் ஆடியில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆவணியில் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகுதான் தெற்கே இறங்கும். மார்கழி, தையில் மட்டும்தான் நிழல் வடக்கே நன்றாக நீளும். ஆகவே நமக்குக் கிழக்கு மேற்குதான் முக்கியம். புடலை, பீர்க்கைப் பந்தலை வடமேற்கு மூலையில் போடுங்கள். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் பிற்பகல் மூன்று மணி வெயில் படாமல் காக்கும், மார்கழியிலும் எதையும் மறைக்காது. பாத்தி அகலம் நாலு அடியைத் தாண்ட வேண்டாம். மண்ணை மிதிக்காமல் இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும்.

ஓசூரிலிருந்து: தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்றார்கள். வைத்தேன். செண்டுமல்லி அமோகமாகப் பூத்தது, தக்காளியில் காய்க்குக் காய் ஓட்டை.

செண்டுமல்லி பூச்சியை விரட்டும் என்று நம்புவதால் வரும் வினை இது. காய்ப்புழு விஷயத்தில் அது செய்வது நேர்மாறான வேலை. தாய் அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுத்து, தன் மொட்டிலும் பூவிலும் முட்டையிட வைக்கும். அதாவது அது பொறிப்பயிர். அப்படியென்றால் தக்காளி பூக்கும் நேரத்தில் செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே வயது நாற்றாக நடுகிறார்கள். தக்காளி முந்திக்கொள்கிறது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையைப் பாருங்கள்: 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்று, 16 வரிசைக்கு 1 வரிசை. அதுவும் உயரமாக வளரும் ரகம். தொட்டியில் வைக்கும் குட்டை ரகம் இதற்கு உதவாது. வீட்டுத் தோட்டத்தில் 16 வரிசைக்கு எங்கே போவது? பாத்தி ஓரத்தில் நாலைந்து செடி போதும், ஆனால் அந்தப் பதினைந்து நாள் வயது வித்தியாசத்தை விடாதீர்கள்.

அடுத்தது, காலையில் ஒரு நடை போய் மொட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புழு இருந்தால் பூவோடு கிள்ளி அழித்துவிடுங்கள். பொறி வைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருந்தால் புழுப் பண்ணைதான் நடத்துகிறீர்கள்.

மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கட்டுப்படுத்தவும் செண்டுமல்லி உதவும் என்பது உண்மை. அது வேரின் வேலை, முறையும் வேறு. தக்காளிக்கு முன்பே அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி போட்டு, இரண்டு மாதம் விட்டு, பிறகு வெட்டி மண்ணிலேயே மடக்க வேண்டும். நடுவில் அங்கொன்று இங்கொன்று வைத்தால் நூற்புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

புதுக்கோட்டையிலிருந்து: வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழுவா, நல்ல பாக்டீரியாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கிறதே?

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பயறு வகையின் வேர்முண்டு மேலே ஒட்டியிருக்கும், லேசாகத் தள்ளினாலே உதிரும். கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கும் வேலை நடக்கிறது. நூற்புழு முடிச்சு உதிராது, வேரே அந்த இடத்தில் வீங்கியிருக்கும். தக்காளி, கத்தரி வேரில் முடிச்சு கண்டால் சந்தேகமே வேண்டாம், அது நூற்புழுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தட்டைப்பயறு பிடிக்கும் தழைச்சத்தைப் பக்கத்துச் செடி உடனே உறிஞ்சிவிடும் என்பது மிகை. செடி உயிரோடு இருக்கும்வரை பெரும்பகுதி அதன் உடம்பிலேயே இருக்கும். காய்த்து முடிந்ததும் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். பலன் அடுத்து அங்கே வைக்கும் கத்தரிக்கு.

திண்டுக்கல்லிலிருந்து: மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே குழியில் வைக்கும் "மூன்று சகோதரிகள்" முறை நமக்கு ஒத்து வருமா?

வட அமெரிக்கப் பழங்குடிகளின் அருமையான முறை அது. சோளம் கொடிக்குக் கொம்பு, பீன்ஸ் மண்ணுக்குச் சத்து, பூசணி இலை தரைக்கு மூடாக்கு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் முற்றிய கதிரும் காய்ந்த பருப்புமாகக் கடைசியில் அறுத்துச் சேமித்தார்கள். நாம் இரண்டு நாளைக்கொரு தரம் பிஞ்சு பறிக்க உள்ளே போகிறவர்கள், பூசணிக் கொடியை மிதிக்காமல் நுழைய முடியாது. இடம் குறைவென்றால் பூசணியை விட்டுவிட்டு மக்காச்சோளமும் கொடித் தட்டைப்பயறும் மட்டும் போடுங்கள். சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகு பயறை ஊன்றுங்கள், முந்தினால் அமுக்கிவிடும். சோளத்தை ஒற்றை வரிசையாக வைக்காமல் சதுரமாக நாலு வரிசை வையுங்கள். காற்றில் மகரந்தம் சேரும் பயிர் அது, ஒற்றை வரிசையில் கதிர் பொக்கையாகிவிடும்.

காரைக்குடியிலிருந்து: மிளகாய்க்கு இடையில் நிறைய இடம் சும்மா கிடக்கு அக்கா.

சின்ன வெங்காயம். தெற்கத்திக் கரிசல் மானாவாரியில் மிளகாயோடு வெங்காயமும் கொத்தமல்லியும் கலந்து போடுவது பழைய பழக்கம். மிளகாய் வரிசைக்கு 60 செ.மீ. இடைவெளி விடுகிறோம், அது நிரம்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். வெங்காயம் 70 நாளில் வெளியே வந்துவிடும், வேரும் மேலாகவே இருக்கும். வாசனைக்குப் பூச்சி ஓடும் என்றும் சொல்வார்கள். அதை நம்பிக் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: துளசி பக்கத்தில் இருந்தால் தக்காளி ருசிக்குமாமே?

ருசி ரகத்திலும் வெயிலிலும் இருக்கிறது. துளசிப் பூவுக்குத் தேனீ வரும், பக்கத்தில் பாகலும் பூசணியும் இருந்தால் அதற்காகவே வைக்கலாம்.

சேலத்திலிருந்து: கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே பாத்தியில்?

ஒரே குடும்பம், ஒரே நோய். வாடல் வந்தால் மூன்றுக்கும் வரும். பிரித்து வையுங்கள், அடுத்த பட்டத்தில் அந்த இடத்துக்கு வெண்டையோ கீரையோ மாற்றுங்கள்.

மதுரையிலிருந்து: ஓரத்தில் வைத்த தட்டைப்பயறு முழுக்க அசுவினிப் பூச்சி. மாமியார் பிடுங்கி எறியச் சொல்கிறார்.

அத்தையிடம் நாலு நாள் அவகாசம் கேளுங்கள். தண்டை வளைத்து இலையடியைப் பாருங்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்று தீர்த்து வண்டாகிப் பக்கத்துச் செடிகளுக்கும் போகும். வேப்பெண்ணெய் உட்பட எதையும் அங்கே தெளிக்காதீர்கள். எறும்பு சாரை சாரையாக ஏறினால் அதை மட்டும் தடுங்கள், அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு பொறிவண்டை விரட்டும். நாலு நாளாகியும் புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, நுனி சுருண்டுகொண்டே போகிறது என்றால் அத்தை சொன்னபடி செய்துவிடலாம்.