கருப்புக் கட்டைகளை ஏன் தள்ளிவைக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 47. 61 கட்டைகள் உள்ள ஒரு கீபோர்டில் நானாகவே பியானோ கற்று வருகிறேன். வெள்ளைக் கட்டைகள்மீது எழுத்துகளை ஒட்டிவைத்து வெள்ளையிலேயே ஏறும் சுர வரிசையான சி மேஜர் ஸ்கேலை ஓரளவு வாசிக்கிறேன். கருப்புக் கட்டைகளை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முதலில் இசைக்கோட்பாட்டைப் படிக்க வேண்டுமா, விரல் பயிற்சியை முடிக்க வேண்டுமா? இந்த வயதில் வருமா? 61 கட்டை போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தினமும் உட்கார்ந்தால் வரும். வயதைப் பற்றி இனி கேட்காதீர்கள். 61 கட்டை இப்போதைக்குத் தாராளம். முழுப் பியானோவின் 88 கட்டையும் தேவைப்படுகிற நாள் வந்தால் உங்களுக்கே தெரியும்.

என்னை உறுத்தியது அந்த 'ஒரு வருடம் கழித்து'தான். கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கற்க வருகிறவர்களுக்குக் கருப்புக் கட்டைமீது யார் இந்தப் பயத்தை ஏற்றிவிடுகிறார்கள்? முதலில் எழுந்துபோய் அந்த ஒட்டுக் காகிதங்களைப் பிய்த்துப் போடுங்கள். நீங்கள் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், பியானோவைப் பார்க்கவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கருப்பு இரண்டாகவும் மூன்றாகவும் மாறி மாறி வரும். இரண்டுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை சி. மூன்றுக்கு இடப்பக்கம் எஃப். வெள்ளைகள் இடமிருந்து வலமாக சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. கருப்பே இல்லாமல் வெறும் வெள்ளையாக நீண்டிருந்தால் எந்தக் கட்டை எது என்று யாரால் சொல்ல முடியும்?

எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மையார் முதல் வகுப்பிலேயே என் வலக்கையை எடுத்துப் பெருவிரலை இ மீதும் சுண்டுவிரலை பி மீதும் வைத்தார். நடுவிலிருந்த மூன்று விரல்களும் மூன்று கருப்புக் கட்டைகள்மீது போய்ப் படிந்தன. நீள விரல்கள் உயரத்தில், குட்டை விரல்கள் தாழ்வில். எதையும் மடக்கவோ இழுக்கவோ வேண்டியிருக்கவில்லை. பியானோ இசையமைப்பாளர் ஷோபன் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கைநிலை அது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஸ்கேல்களை பி மேஜரில்தான் தொடங்குவார். அதில் ஐந்து கருப்புக் கட்டைகளும் உண்டு. சி மேஜர் படிப்பதற்குச் சுலபம், ஆனால் ஊன்றிக்கொள்ள இடமில்லாததால் கைக்கு அதுதான் மிகக் கடினம் என்பது அவர் கட்சி. நீங்கள் கைக்கு மிகக் கடினமானதை எடுத்துவைத்துக்கொண்டு விரல் வரவில்லை என்று வயதைக் குறை சொல்கிறீர்கள்!

கோட்பாடா விரலா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அதுவும் இங்கேதான் இருக்கிறது. கருப்பையும் சேர்த்து எண்ணும்போது, பக்கத்துக் கட்டைக்குப் போனால் அரைப்படி, ஒன்றைத் தாண்டிப் போனால் முழுப்படி. மேஜர் ஸ்கேல் என்பது முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. இப்போது டி-யில் தொடங்கி வெள்ளையிலேயே ஏறுங்கள். மூன்றாவது சுரத்திலேயே காது இடறும். எஃப்-ஐ விட்டு அதன் வலப்பக்கக் கருப்புக்குப் போங்கள், அதாவது எஃப் ஷார்ப். சரியாகிவிடும். ஏழாவதிலும் அப்படித்தான், சி-க்குப் பதில் சி ஷார்ப். டி மேஜருக்கு ஏன் இரண்டு ஷார்ப் என்பதை உங்கள் காதே கண்டுபிடித்துவிட்டது. இதற்குத் தனியாக ஒரு வருடம் எதற்கு?

இந்த வாரம் பி மேஜரை வலக்கையில் மட்டும் வாசியுங்கள். விரல் வரிசை 1 2 3 1 2 3 4 5, பெருவிரல் 1. பி-யிலும் இ-யிலும் மட்டும் பெருவிரல் விழும். மற்ற விரல்கள் கருப்பின் உயரத்தில் நிற்பதால் அதன் அடியில் பெருவிரல் தாராளமாக நுழையும். கடைசி பி-யில் சுண்டுவிரல். மெதுவாகப் போங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. மேலே போய் வந்த பிறகு அதே வேகத்தில் சி மேஜரையும் ஒருமுறை வாசித்து, எது கைக்கு இதமாக இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.