வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) என்று முடிவு செய்துவிடலாமா?

காசிமேட்டில் வளரும் 8 வயதுப் பையனைப் பற்றிய ஆசிரியரின் புகார் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, கவனக்குறைவிலோ மிகைத்துடிப்பிலோ குறைந்தது 6 அறிகுறிகள் 6 மாதமாவது நீடித்து, அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டு, வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது வெளிப்பட்டு, அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும்.

ஒற்றை அறை வீட்டில், விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்பும் பெற்றோரோடு சேர்ந்தே விழித்துக்கொள்ளும் பிள்ளைக்குத் தூக்கக்குறைவே கவனச்சிதறலாகத் தெரியலாம். மறுபுறம், “ஆம்பளப் பையன்னா அப்படித்தான்” என்று பாட்டி தள்ளிவிடுவதும், பாடத்தைக் கவனிக்காமல் அமைதியாக அமர்ந்திருக்கும் பெண் குழந்தையைச் சமத்து என்று மெச்சுவதும் உண்மையான குறைபாட்டை மறைத்துவிடும். இல்லாத குறைபாட்டை உண்டு என்பதைவிட, இருப்பதை இப்படித் தவறவிடுவதுதான் கூடுதல் ஆபத்து என்பேன். வேறு நாட்டுக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய வினாப்பட்டியலின் மதிப்பெண்ணை அப்படியே நம்பாமல், பார்வை, செவித்திறன், தூக்கம் ஆகியவற்றைச் சோதித்து, வீட்டாரிடம் தமிழிலேயே விரிவாகப் பேசும் குழந்தை மனநல மருத்துவரை அணுகுங்கள்.