பேருந்து மணிப் பொத்தானைத் திரையில் பழக்கலாமா? சிங்கப்பூர்ச் சிறப்புக் கல்வியில் மெய்நிகர் பயிற்சி: கேள்வி பதில்

சிறப்புக் கல்வி ஆசிரியர், ஈசூன்: என் வகுப்பில் 7 மாணவர்கள், வயது 8 முதல் 12 வரை. எல்லாருக்கும் மதியிறுக்கம் (ஆட்டிசம்). தலையில் மாட்டும் 6 மெய்நிகர் ஹெட்செட் வாங்கித் தரப் பள்ளி தயார். எந்த மாடல் வாங்கலாம் சார்?

பதில்: ஆறு வேண்டாம், ஒன்று போதும். அதையும் இரண்டாவதாகத்தான் வாங்க வேண்டும். முதல் செலவு, சுற்றிலும் படமெடுக்கும் ஒரு 360 பாகை கேமராவுக்கு. அதில் எடுத்த படத்தை ஐபேடிலோ வகுப்பிலுள்ள பெரிய திரையிலோ விரலால் சுற்றிப் பார்க்கலாம். தலையில் எதையும் மாட்டிக்கொள்ளச் சம்மதிக்காத பிள்ளைக்கும் அது சரிப்படும்.

உங்கள் மாணவர்களில் பாதிப்பேருக்கு ஹெட்செட் பொருந்தவே பொருந்தாது. மெட்டா குவெஸ்ட் என்ற ஹெட்செட்டுக்குக் குறைந்தபட்ச வயது 10. அதிலும் 10 முதல் 12 வயது வரை பெற்றோர் அமைத்துத் தரும் கணக்கு வேண்டும். குவெஸ்ட் 2 கருவியில் லென்ஸ் இடைவெளிக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள். சிறு பிள்ளைகள் பலருக்குக் கண்மணிகளின் இடைவெளி 58க்கும் குறைவு. அவர்களுக்குப் படம் மங்கும், தலை வலிக்கும். பேச்சு வராத பிள்ளை அதைச் சொல்லாது, கருவியைப் பிடுங்கி எறியும். நாம் அதை 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதி வைப்போம். எடையும் அரைக் கிலோ.

இன்னொன்று, வாங்கிய பிறகுதான் தெரியவரும். பிள்ளை என்ன பார்க்கிறது என்று நீங்கள் பார்க்க, ஹெட்செட்டும் உங்கள் ஐபேடும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பள்ளி வைஃபை பெரும்பாலும் ஒரு கருவி மற்றொன்றோடு பேசவிடாமல் தடுத்திருக்கும். திரை பகிராது. தொழில்நுட்ப உதவியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அல்லது கைக்கடக்கமான ஒரு ரௌட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திரை தெரியாமல் பாடம் நடத்துவதில் பயனில்லை.

செங்காங் அம்மா: சார், மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். பேருந்தில் ஏறிவிடுவான். ஆனால் இறங்கும் நேரத்தில் மணியை அழுத்த மாட்டான். சில நாள் எல்லா நிறுத்தத்துக்கும் அழுத்துவான். வீடியோ வைத்துப் பழக்கலாமா?

பதில்: பழக்கலாம். கடையில் கிடைக்கும் பொதுவான பேருந்து விளையாட்டை மட்டும் நம்பாதீர்கள். அவன் ஏறும் அதே எண், அதே நிறுத்தம், அதே வழி வேண்டும். வாரநாளில் காலை 10 மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு.

கேமராவை உங்கள் உயரத்தில் பிடிக்காதீர்கள். அவன் நிற்கும்போதும் உட்காரும்போதும் கண் எந்த உயரத்தில் இருக்கிறதென்று அளந்து, ஒற்றைக் கோலில் அந்த உயரத்துக்கே பொருத்துங்கள். லென்ஸுக்கு மிக அருகில் வரும் முகம், கைப்பிடி எல்லாம் கேமராவின் இரு லென்ஸ் படங்களும் ஒட்டும் இடத்தில் பிளந்து தெரியும். சில பிள்ளைகள் அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

பிறகு பயணத்தை உடையுங்கள்: எண்ணைப் பார், கையைக் காட்டு, முன் கதவில் ஏறு, அட்டையைத் தட்டு, 'பீப்' கேள், உட்கார், இறங்கும் நிறுத்தத்துக்கு முன் வரும் அடையாளத்தைப் பார், மணியை அழுத்து, வண்டி நிற்கும்வரை காத்திரு, பின் கதவில் அட்டையைத் தட்டி இறங்கு. ஒவ்வொன்றும் 20 முதல் 40 வினாடித் துண்டு. உங்கள் மகனுக்கு மற்றதெல்லாம் வருகிறது. அதனால் 'அடையாளம், மணி' இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணி அழுத்த வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தி 5 வினாடி காத்திருங்கள். அசையவில்லையென்றால் முதலில் மணியின் படஅட்டையைக் காட்டுங்கள், பிறகு விரலால் சுட்டுங்கள், கடைசியாகத்தான் கையைப் பிடித்து அழுத்த வையுங்கள். வாயால் சொல்வதைத் தவிருங்கள். சொல்லிப் பழக்கினால், யாராவது சொல்லும்வரை அவன் காத்திருப்பான். அதை மாற்றுவது பெரும்பாடு.

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான்: ஒரே ஒரு பயணத்தைப் படமெடுத்து அதையே 20 முறை போட்டால், பிள்ளை அடையாளத்தைக் கற்பதில்லை, வினாடியைக் கற்கிறது. வீடியோவில் எப்போதும் 32ஆம் வினாடியில் மணி. உண்மைப் பேருந்து சிவப்பு விளக்கில் நின்றுவிட்டால் கணக்குத் தவறிவிடும். ஒரே வழியில் நான்கைந்து பயணம் எடுங்கள். ஒன்றில் விளக்கில் நின்றிருக்க வேண்டும், ஒன்றில் மழை பெய்திருக்க வேண்டும்.

ஒன்றிலாவது வேறு யாரோ முன்பே மணியை அழுத்தியிருக்க வேண்டும். எல்லா நிறுத்தத்துக்கும் அழுத்துகிறான் என்றீர்களே, பொத்தானின் ஒலி பிடித்துப் போயிருக்கலாம். 'நான்தான் அழுத்த வேண்டும்' என்ற பிடிவாதமாகவும் இருக்கலாம். 'நிறுத்த விளக்கு எரிகிறது, வேலை முடிந்தது' என்பதைத் தனித் துண்டாகக் கற்றுக் கொடுங்கள்.

தொடர்ந்து மூன்று முறை திரையில் சரியாகச் செய்தால் அன்றைக்கோ மறுநாளோ உண்மைப் பேருந்து. வாரக் கணக்கில் திரையிலேயே வைத்திருந்தால் திரைத் தேர்ச்சி மட்டும் ஏறும். சரியாகச் செய்ததைக் குறிப்பேட்டில் திரைக்கு ஒரு பத்தி, தெருவுக்கு ஒரு பத்தியாக எழுதுங்கள். தெருப் பத்தி அசையவில்லையென்றால் வீடியோவை மாற்றுங்கள், பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம்.

தொண்டூழியர், பிடோக்: சாலை கடக்க இணையத்தில் இலவச மென்பொருள் நிறைய இருக்கிறதே?

பதில்: இந்த யோசனை பழையது. 1996இலேயே மதியிறுக்கமுள்ள இரண்டு குழந்தைகளை வைத்து ஹெட்செட்டில் தெருக்காட்சியைச் சோதித்த ஆய்வு வெளிவந்தது. தவறு செய்தாலும் அடிபடாது என்பதால் இதற்கு மெய்நிகர் பொருத்தம்தான். ஆனால் அமெரிக்க மென்பொருளில் வண்டி வலப்பக்கம் ஓடும். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்கச் சொல்லித்தரும். சிங்கப்பூரில் முதல் வண்டி வலப்பக்கமிருந்து வரும். வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த ஒரு தவறு ஆபத்து. எனவே உங்கள் வட்டாரச் சந்திப்பையே படமெடுங்கள். பிள்ளையிடம் பச்சை மனிதன் பிளஸ் அட்டை இருந்தால் கம்பத்தில் தட்டுவதும் ஒரு படியாகட்டும். சாலை கடக்க 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாகக் கிடைக்கும்.

கற்றல் துணையாளர்: ஒரு மாணவிக்கு வலிப்பு உண்டு. பாதுகாப்பா?

பதில்: மருத்துவர் எழுத்தில் சம்மதிக்காமல் ஹெட்செட் கூடாது. தட்டைத் திரையென்றாலும் அறை விளக்கு எரியட்டும், தள்ளி உட்காரட்டும். வினாடிக்கு மூன்றுக்கு மேல் பளிச்சிடும் காட்சி எதையும் போடாதீர்கள். மரங்களுக்கிடையே வெயில் அடிக்கும் பேருந்துச் சன்னல் காட்சியும் அப்படித்தான் பளிச்சிடும். முதலில் நீங்களே முழுக்கப் பார்த்துவிடுங்கள்.

வலிப்பு இல்லாதவர்களுக்கும் குமட்டல் வரலாம். உடல் அசையாமல் காட்சி மட்டும் நகர்வதே காரணம். முகம் வெளுப்பது, கொட்டாவி, வியர்வை, ஏப்பம், கண்ணைக் கசக்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கழற்றுங்கள். முதல் நாள் 2 நிமிடம், நகராத காட்சி.

அப்பா, ஜூரோங்: மகளுக்குப் பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. விரலால் திரையைத் தொட முடியாது. இதெல்லாம் அவளுக்கு எட்டுமா?

பதில்: எட்டும். ஐபேடின் அணுகல் அமைப்புகளில் சுவிட்ச் கட்டுப்பாடு இருக்கிறது: திரையில் ஒரு தேர்வுக்கட்டம் ஒவ்வொன்றாக நகரும், வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்தினால் போதும். பொத்தானை ஐபேடோடு இணைக்கும் புளூடூத் இடைமுகம் ஒன்றும் 3.5 மில்லிமீட்டர் முனையுள்ள பெரிய பொத்தானும் போதும். கை என்றில்லை, தலை, முழங்கால், எது களைப்பின்றித் திரும்பத் திரும்ப அசைகிறதோ அங்கே வையுங்கள். மேசையில் வைத்தால் நாற்காலி அரை அங்குலம் நகர்ந்தாலும் எட்டாது. நாற்காலிச் சட்டத்திலேயே பிடிப்பானால் மாட்டுங்கள்.

தேர்வுக்கட்டம் நகரும் வேகத்தை ஊகித்து வைக்காதீர்கள். சைகை காட்டியதிலிருந்து அவள் அழுத்தும்வரை 10 முறை நேரம் எடுங்கள். சராசரியை 0.65ஆல் வகுங்கள். 1.3 வினாடி வந்தால் 2 வினாடி. தன்னையறியாமல் கை பட்டுவிடுகிறதென்றால், இவ்வளவு நேரம் அழுத்தினால்தான் ஏற்கும் என்ற அமைப்பைக் கூட்டுங்கள். பார்வையாலேயே தேர்ந்தெடுக்கும் கண்ணசைவுக் கருவியென்றால் சுமார் 60 சென்டிமீட்டர் தூரம், சன்னல் வெயில் படாத இடம். வெயிலிலுள்ள அகச்சிவப்பு அதைக் குழப்பும்.

செலவுக்கு, உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழங்கும் உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. தகுதி இருந்தால் 90 விழுக்காடு வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. வாங்கும் முன்பே பள்ளிச் சிகிச்சையாளரிடம் பேசுங்கள். லெங்கோக் பாருவின் எனேபிளிங் வில்லேஜில் உள்ள டெக் ஏபிள் என்ற உதவிக் கருவி மையத்தில் கருவிகளை நேரில் பார்க்கலாம்.

பாட்டி சார்பில் பேத்தி: தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது பாட்டி. அவருக்குத் தமிழ்தான் தெரியும். பள்ளி வீடியோவோ ஆங்கிலத்தில்.

பதில்: பேருந்திலுள்ள எழுத்தும் ஒலியும் இருந்தபடியே இருக்கட்டும், தம்பி அங்கே அதைத்தான் பார்ப்பான். மாற்ற வேண்டியது பெரியவர்கள் பேச்சை. ஒருவர் 'பெல் அடி', ஒருவர் 'அமுக்கு', ஆசிரியர் 'பிரஸ் பண்ணு' என்றால் அவனுக்கு அது மூன்று வேலை. பேச்சுக்குப் பதில் ஒரே படஅட்டையை முடிவு செய்து, பள்ளிக்கு ஒன்று, பாட்டி பைக்கு ஒன்று கொடுங்கள். பேச்சு வராத பிள்ளையென்றால், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு.

சிறப்புக் கல்வி ஆசிரியர், ஈசூன்: மீண்டும் நான்தான் சார். அந்த ஒரு ஹெட்செட்டை எப்படிப் பராமரிப்பது?

பதில்: முகத்தில் படும் இடத்துக்குச் சிலிக்கோன் உறை போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துடையுங்கள். லென்ஸில் ஈரத்துணி, ஆல்கஹால் எதுவும் படக்கூடாது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். காதுக் கருவி அணிந்தவர்களுக்குப் பட்டையைத் தளர்த்தி மாட்டுங்கள். மேசையில் வைக்கும்போது லென்ஸ் சன்னலைப் பார்க்க வேண்டாம். வெயிலை அது பூதக்கண்ணாடிபோல் உள்ளே குவிக்கும். சில நிமிடத்திலேயே திரையில் நிரந்தரமாகப் பொட்டு விழுந்துவிடும்.