அமெரிக்கச் சிறுநகர மெக்சிகன் உணவகத்தைப் பற்றி ஒருவர் 'அருமை' என்றும் மற்றொருவர் 'சுமார்' என்றும் சொல்வது ஏன்? உங்கள் அனுபவம் என்ன?

இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையே. ஒரே உணவகத்துக்குப் போயிருந்தாலும் அவர்கள் ஒரே சமையலைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் வடமேற்கில், டால்டனுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நான் வசிக்கிறேன். இங்குள்ள குடும்ப உணவகம் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். என்னோடு வந்தவர்களும் பக்கத்து மேசைக்காரர்களும் சொல்லக் கேட்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தப் பகுதியில் மெக்சிகோ நாட்டவர் குடியேறியதற்குக் கம்பள ஆலைகளும் கோழி இறைச்சி ஆலைகளும் காரணம். 1986இல் நிறைவேறிய குடியேற்றச் சட்டம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி வசிக்கும் உரிமையை அளித்தது; அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அதன்பின் கலிபோர்னியாவையும் டெக்சாஸையும் விட்டு, ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும் தென்மாநில ஊர்களுக்குப் பலர் நகர்ந்தனர். இன்று டால்டன் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். ஆகவே இங்கே உணவகம் நடத்தும் குடும்பம் இருவகை வாடிக்கையாளருக்குச் சமைக்க வேண்டியிருக்கிறது: தலைமுறைகளாக இங்கே வாழும் அமெரிக்கர்கள் ஒருபுறம், ஆலைப் பணி முடிந்து ஊர்ச் சாப்பாட்டைத் தேடி வருபவர்கள் மறுபுறம்.

முதல் வகையினருக்கான சாப்பாட்டைத்தான் உணவுப் பட்டியலின் பெரும்பகுதியில் காண்பீர்கள். உட்கார்ந்தவுடன் இலவசமாக வரும் சோளச் சிப்ஸும், தக்காளி மிளகாய்த் துவையலான சால்சாவும், உருகிய வெள்ளைச் சீஸ், பட்டியல் எண்ணைச் சொல்லிக் கேட்கும், பல பதார்த்தங்கள் சேர்ந்த காம்போ தட்டுகள், சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் வாட்டிய இறைச்சிக் கீற்றுகளான ஃபஹீட்டா ஆகியவை அதில் அடக்கம். இவற்றைப் போலி என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃபஹீட்டா தென் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைகளில் வேலைசெய்த மெக்சிகோத் தொழிலாளரிடமிருந்து வந்தது. சோளச் சிப்ஸின்மேல் சீஸை உருக்கிய நாச்சோஸ், 1940களின் தொடக்கத்தில் எல்லையோர மெக்சிகோ ஊரான பியேட்ராஸ் நெக்ராஸில், அவசரத்துக்கு இருந்ததை வைத்து இக்னாசியோ அனாயா என்பவர் செய்து கொடுத்தது. எல்லைப்புற வாழ்க்கை உண்டாக்கிய நேர்மையான சாப்பாடு அது. ஆயினும் அதில் காரமும் புளிப்பும் அடக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும் என்பதால், நம்மவர்கள் 'உப்புச்சப்பில்லை' என்று எழுதிவிட்டுப் போவதும் இங்கேதான்.

அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கேளுங்கள். மேசையில் இருக்கும் சால்சா எல்லோருக்கும் பொதுவானது. காய்ந்த ஆர்போல் மிளகாயை வறுத்து அரைத்த சால்சாவைச் சமையலறையில் தங்களுக்கென்று வைத்திருப்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து தருவார்கள். பச்சை மிளகாயை முழுதாகத் தோல் கருகும்வரை வாட்டி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தரும் 'சிலெஸ் டொரேயாடோஸ்' எங்கள் உணவகப் பட்டியலில் இல்லை; ஆனால் கேட்டபோதெல்லாம் கிடைத்திருக்கிறது. சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமா, அதைக் கடித்துக்கொண்டு மெல்லிய சோள ரொட்டியான டோர்ட்டியாவில் சுற்றிய டாக்கோவைச் சாப்பிட்ட பிறகுதான் அந்த உணவகத்தைப் பற்றி நல்லவிதமாகப் பேசத் தொடங்கினார். டாக்கோவையும் வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சையோடு சோள டோர்ட்டியாவில் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் கோதுமை டோர்ட்டியாவில் சீஸும் இலைக்கோசும் வைத்துத் தருவது இங்கே வழக்கம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு என்பதால் சோள டோர்ட்டியாவுக்குத் தனி மணம் உண்டு. சூட்டோடு சாப்பிட்டால்தான் அது தெரியும். ஆறிவிட்டால் விறைத்துப் போகும்.

சைவ உணவு உண்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சிவப்புச் சோற்றில் கோழிச்சாறும் சேர்ப்பது பரவலான வழக்கம். என் தோழி ஒருத்தி வேறோர் ஊரில், 'இறைச்சி இல்லை' என்று பரிமாறுபவர் சொன்னதை நம்பிப் பாதித் தட்டைச் சாப்பிட்ட பின்னரே கொழுப்பைப் பற்றி அறிந்தாள். பரிமாறியவர் பொய் சொல்லவில்லை. இறைச்சித் துண்டு இல்லை என்ற பொருளில்தான் சொன்னார். ஆகவே கொழுப்பு, சாறு என்று பெயர் குறிப்பிட்டே கேளுங்கள். முழுக் கறுப்புப் பீன்ஸ், வெண்ணெய்ப்பழ மசியலான குவாக்கமோலே, டோர்ட்டியாவுக்குள் சீஸும் காளானும் வைத்து வாட்டிய கேசடீயா ஆகியவை பெரும்பாலும் தோதாக அமையும். என்றாலும் இறைச்சி வாட்டும் அதே கல்லில்தான் காய்கறியையும் வாட்டுவார்கள் என்பதை ஏற்க முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சேவை தாமதம் என்று நட்சத்திரத்தைக் குறைப்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது. டிப்ஸ் சேர்ந்தும் பொதுக் குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். ஞாயிறு நண்பகலில் தேவாலயக் கூட்டம் மொத்தமாக வந்து அமரும்போது, இரண்டே பேர் பத்து மேசைகளைக் கவனிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உணவில் குறை இருந்தாலும் டிப்ஸைக் குறைக்காதீர்கள்.

இறைச்சி சாப்பிடுபவராக இருந்தால், அந்தக் கூட்டத்துக்கு முன்பே, காலை பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். வாரயிறுதியில் மட்டும் வைக்கும் போசோலே அப்போது கிடைக்கும்: பருத்த சோளமணிகளும் பன்றியிறைச்சியும் சேர்ந்து நெடுநேரம் கொதித்த சாறு, மேலே தூவிக்கொள்ள முட்டைக்கோஸ், முள்ளங்கி, ஓரெகானோ. மாட்டிரைப்பையில் செய்யும் மெனூடோவும் அப்போதுதான் இருக்கும். இரண்டும் எங்கள் உணவகத்தில் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும்.